கேடயம் பயந்தாங்கொள்ளிக்கா?

எங்கள் வீட்டில் இப்போது தினமும் ஒரு பஞ்சாயத்து. கல்லூரியில் படிக்கும் மகன், கம்ப்யூட்டரில் ‘மவுண்ட் அண்ட் பிளேடு’ விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறான். பழைய கால ஐரோப்பா மாதிரி ஓர் உலகம். படை திரட்டி, குதிரை ஏறிச் சண்டை போட வேண்டும். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் எடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு கையாலும் பிடிக்கும் நீள வாள். அவன் எப்போதும் நீள வாள்தான். “கேடயமெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கும்மா” என்பான்.

எட்டாவது படிக்கும் மகள் சிலம்பம் கற்கிறாள். அவளுடையதும் இரண்டு கை ஆயுதம்தான். ஆனாலும் அண்ணனை விடமாட்டாள். “நான் கம்பாலேயே தடுப்பேன்ணா. நீ தடுக்கவே மாட்டேங்கிறியே!”

அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சிலம்பக் கம்பு ஏறக்குறைய ஆளின் நெற்றி உயரம். அவளுடைய ஆசான் முதலில் சொல்லிக்கொடுத்தது காலடியும் கம்பு சுற்றுவதும்தான், அடிப்பது அப்புறம். சுற்றுகிற கம்பைத் தாண்டி எதிராளி கிட்டே வர முடியாது. அந்த இடைவெளிதான் அவளுக்குப் பாதுகாப்பு. கையில் கேடயம் இல்லாவிட்டாலும், கேடயம் செய்யும் வேலையைக் கம்பும் காலும் செய்கின்றன.

ஆனால் பறந்து வரும் அம்பைக் கம்பால் தடுக்க முடியாது. வாளாலும் முடியாது. என் மகனுடைய வீரன் அந்த விளையாட்டில் பெரும்பாலும் சாவது அம்பு பட்டுத்தான்! அந்தக் காலத்துப் போர்க்களத்தில் சாதாரணக் காலாள் வீரன் கேடயத்தைச் சுமந்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். பக்கத்தில் நிற்பவனுக்கும் அது மறைப்பு.

அப்படியானால் ஐரோப்பாவில் நீள வாள் பிடித்தவர்கள் முட்டாள்களா? இல்லை. 14, 15-ம் நூற்றாண்டுகளில் உடம்பு முழுக்க இரும்புத் தகட்டுக் கவசம் வந்தது. எடை 15 முதல் 25 கிலோ. உடம்பையே இரும்பு மூடிய பிறகு கேடயம் எதற்கு? இடது கைக்கு வேறு வேலை கிடைத்தது. 16-ம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கூலிப்படைகளில் முன்வரிசையில் நிற்கத் துணிந்தவர்களுக்கு இரட்டைச் சம்பளம். அவர்களில் சிலர் ஆள் உயர வாளை வீசினார்கள். ஆபத்து அதிகம் என்று தெரிந்துதான் கூடுதல் பணம் கொடுத்தார்கள்.

இதற்காக ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலேயே இருக்கிறது மாஹே. அந்த வட மலபார் மண்ணின் களரிப்பயிற்றில் வாளும் பரிசையும் ஜோடி. பரிசை என்றால் கேடயம். தமிழிலும் அதே சொல் உண்டு. வெறும் உடம்போடு கூரிய வாளுக்கு எதிரே நிற்பவனுக்குப் பரிசை தேவை. அதே களரியில் நீளக் கம்பை எடுக்கும்போது இரண்டு கையும் கம்புக்குத்தான். ஆயுதத்துக்கு ஏற்ற காப்பு, அவ்வளவுதான்.

கேடயம் களத்தை விட்டுப் போன கதையிலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. 1746-ல் அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படையை, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் சிறு படை துரத்தியடித்தது. அந்தப் படையின் பலம் துப்பாக்கி. துப்பாக்கிக்கு இரண்டு கையும் வேண்டும். அதன் குண்டைத் தோல் கேடயம் தாங்காது. தடுக்க முடியாத பொருளைச் சுமப்பானேன் என்று கேடயத்தை விட்டார்கள். கல் பறக்கும் இடத்தில் அது இன்றும் உதவுகிறது. அதனால்தான் கலவரத்துக்குப் போகும் போலீஸார் கையில் கேடயம் இருக்கிறது. அவர்களை யாராவது பயந்தாங்கொள்ளி என்கிறோமா?

விளையாட்டில் செத்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். அதனால் அங்கே காப்பு இல்லாத வீரம் அழகாகத் தெரிகிறது. உண்மையான வீரனோ, ஒரு காப்பை விடுவதற்கு முன் இன்னொன்றைத் தேடிக்கொண்டான்: இரும்புச் சட்டை, கம்பின் வீச்சு, காலின் வேகம்.

என் கவலையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் வீரனைப் பற்றியது இல்லை. ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள்! கேட்டால், “பக்கத்துலதானே போறேன்” என்பார்கள். பைக் ஓட்டவும் இரண்டு கை வேண்டும். கேடயம் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. பழைய வீரர்கள் அந்த நிலைமையில் என்ன செய்தார்கள் என்பதை நம் வீட்டு வீரர்களுக்குச் சொல்லுங்கள். இரண்டு கையும் வேலையாக இருந்தபோது, அவர்கள் இரும்பைத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.