14 அணிகள், 13 ஊர்கள்... பெட்டியும் கையுமாக ஒரு பேஸ்பால் வாழ்க்கை!

டிரான்ஸ்ஃபர் உள்ள வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து நிமிர்வதற்குள் அடுத்த ஆர்டர் வந்து நிற்கும். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி அதிகம் இடம் மாறியவர் எட்வின் ஜாக்சன். மேஜர் லீக்கில் 14 அணிகளுக்கு ஆடிய முதல் வீரர். அவர் போன வழியைத் தொடர்ந்தாலே பாதி அமெரிக்காவைச் சுற்றிவிடலாம்.

இரண்டு ஆற்றங்கரைகள்

பயணம் தொடங்குவது ஜெர்மனியில். டான்யூப் நதியின் ஒரு கரையில் ஐன்ஸ்டீன் பிறந்த உல்ம், மறுகரையில் நோய்-உல்ம். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால், 1983-ல் எட்வின் பிறந்தது நோய்-உல்மில். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். அதுவும் ராணுவ முகாமை ஒட்டிய ஆற்றங்கரை ஊர்தான். சட்டஹூச்சி ஆற்றைத் தாண்டினால் அடுத்த மாநிலமான அலபாமா வந்துவிடும்.

நீச்சல் குளம் உள்ள மைதானம்

2003 செப்டம்பர் 9. எட்வினுக்கு அன்று 20-வது பிறந்தநாள். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். இடம், பாலைவன நகரமான ஃபீனிக்ஸ். வெயிலுக்கு மூடிக்கொள்ளும் கூரையும், நீந்திக்கொண்டே ஆட்டம் பார்க்க ஒரு குளமும் உள்ள மைதானம் அது. எதிரணியின் பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், ஜாம்பவான் ராண்டி ஜான்சன். ஜெயித்தது எட்வின்!

பழைய வீட்டில் ஒரு சாதனை

அடுத்து ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பிறகு டெட்ராய்ட், அங்கிருந்து மீண்டும் ஃபீனிக்ஸ். 2010 ஜூன் 25 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் டிராபிகானா ஃபீல்டுக்கு எதிரணி வீரராக வந்தார். மூன்று சீசன்கள் அவருக்கு வீடாக இருந்த மைதானம். அன்று 149 பந்துகள் வீசினார். குறி தப்பிய பந்துகளால் எட்டு பேர் ஓசியிலேயே முதல் பேஸுக்குப் போனார்கள். ஆனால், ஒருவரால்கூட ஒரு ஹிட் அடிக்க முடியவில்லை. 'நோ-ஹிட்டர்' எனப்படும் அரிய சாதனை அது. அந்த மைதானத்தின் கூரையை 2024-ல் மில்டன் புயல் பிய்த்தெறிந்தது.

ஒரே ரயிலில் இரண்டு வீடுகள்

நோ-ஹிட்டர் வீசி ஐந்தே வாரத்தில், அவரைச் சிகாகோவின் ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2011 ஜூலை 27 அன்று இன்னும் வேடிக்கை. ஒயிட் சாக்ஸ் அவரை டொரான்டோவுக்குக் கொடுக்க, டொரான்டோ அன்றைக்கே செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டது. பெரும்பாலான வீரர்களிடம் இதற்குச் சம்மதம் கேட்பதில்லை. நல்லவேளை, அந்த வருடம் செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது.

வாஷிங்டனில் ஒரு சீசன் ஆடிவிட்டு, 2013-ல் மறுபடி சிகாகோ. இந்த முறை கப்ஸ் அணி. ஒயிட் சாக்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் ரெட் லைன் ரயில் ஏறினால், வடக்கே கப்ஸின் ரிக்லி ஃபீல்டு வாசலிலேயே இறங்கலாம். 1914-ல் கட்டிய மைதானம். செங்கல் சுவர் முழுக்கப் பச்சைக் கொடி. நான்கு வருடத்துக்கு 52 மில்லியன் டாலர் ஒப்பந்தம். வாழ்க்கையின் பெரிய சம்பளம் கிடைத்த அதே ஊரில்தான் முதல் சீசனிலேயே 18 தோல்விகள். ஒப்பந்தம் முடியும் முன்பே அணி அவரைக் கைகழுவியது.

14-வது சட்டை

அதன்பின் அட்லாண்டா, மயாமி, சான் டியாகோ, பால்டிமோர், ஓக்லண்ட் என ஓடினார். 2019 மே 15 அன்று, கடல் விரிகுடாவை ஒட்டிய சான் ஃபிரான்சிஸ்கோ மைதானத்தில் 14-வது அணியின் சட்டையோடு இறங்கினார். அந்த அணி எது தெரியுமா? 2011-ல் ஒரு நாள்கூட முழுதாக வைத்துக்கொள்ளாத டொரான்டோ!

2021-ல் யோகோஹாமாவில் நடந்த ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் அமெரிக்கா ஜப்பானிடம் தோற்றது. அந்த அணியில் இருந்த எட்வினுக்கு வெள்ளிப் பதக்கம். 2022-ல் ஓய்வை அறிவித்தார்.

மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனாலும் ஓர் ஊர் 'போதும்' என்றபோதெல்லாம், இன்னோர் ஊர் 'வா' என்று கூப்பிட்டது. 17 சீசன்களாக அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.