கிளியனூரிலிருந்து ஓர் எரிமலைக்கு...

திண்டிவனத்தில் பாண்டி பஸ் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராகப் பாண்டிக்குத்தான் போவார்கள். எதற்கு என்று ஆபீஸ் இளைஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை! அந்த அவசரத்தில், நடுவே வரும் கிளியனூரை யாரும் கவனிப்பதில்லை. ரோட்டோரம் கொஞ்சம் கடைகள், பின்னால் வயல், பனைமரம். தென்னாற்காட்டில் எந்த ஊருக்கும் பொருந்துகிற அடையாளம்.

அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் எரிமலைப் பேச்சு கிளம்பியது. காரணம், அந்தமானில் பாரன் தீவு மறுபடி பொங்கியதாகப் பேப்பரில் வந்த துணுக்கு.

"நம்ம திருவண்ணாமலையே ஒரு காலத்துல எரிமலைதான் தம்பி. அதான் அக்னி ஸ்தலம்னு பேரு" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"அப்ப எந்த நேரம் வேணா வெடிக்குமாய்யா?" என்று கேட்ட டீ மாஸ்டர், கூடவே தன் பாய்லரையும் ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்தார்.

பக்தி வேறு, பாறை வேறு. அக்னித் தலம் என்பது புராணம். அதில் கை வைக்க நாம் யார்? ஆனால் பாறையைக் கேட்டால் வேறு கதை சொல்கிறது. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் நாம் பார்க்கிற குன்றுகளின் பாறை, பூமிக்குள் வெகு ஆழத்தில் உருவானது. செஞ்சிக் கோட்டையைத் தாங்குகிற கிரானைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் பாறைக்குழம்பு வெளியே வந்து கொட்டாமல், உள்ளேயே நிதானமாக ஆறி இறுகியது. வயசு சுமார் 250 கோடி வருஷம்! மேலே மூடியிருந்ததை மழையும் காற்றும் அரித்துக் கொண்டு போக, உள்ளே இருந்தது இன்று மலையாக நிற்கிறது. எரிமலை வாயும் கிடையாது, லாவாவும் கிடையாது. டீ மாஸ்டர் பயப்படாமல் பாலைக் காய்ச்சலாம்.

சரி, வெளியே வருகிற நெருப்பு எப்படி வருகிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை. பல தட்டுகள். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகிக்கொண்டு இறங்கும்போது கூடவே தண்ணீரும் போகிறது. அந்தத் தண்ணீர் கலந்ததும், ஆழத்தில் இருக்கும் சூடான பாறை சுலபமாக உருகுகிறது. பாரன் தீவு, இந்தோனேசியா எல்லாம் இந்த ரகம். தட்டுகள் விலகுகிற இடத்திலும் குழம்பு மேலே வரும். மூன்றாவது ரகம்தான் விசேஷம். தட்டின் நடுவிலேயே, அடியிலிருந்து ஸ்டவ் வைத்த மாதிரி ஒரே இடத்தில் சூடு ஏறிக்கொண்டிருக்கும். 'ஹாட் ஸ்பாட்' என்கிறார்கள்.

வெடிப்பது கோலி சோடா தத்துவம். குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த வாயு நுரைக்கிறது. குழம்பு கெட்டியாக இருந்தால் வாயு மாட்டிக்கொண்டு, கடைசியில் மலையையே பிளந்துவிடும். 1883-ல் கிரகடோவா இப்படித்தான் வெடித்தது. செத்தவர்கள் சுமார் 36,000 பேர். பெரும்பாலோரைக் கொன்றது அது கிளப்பிய கடலலை. குழம்பு நீர்க்க இருந்தாலோ வாயு சுலபமாகக் கழன்றுவிடும். லாவா ரசம் மாதிரி ஓடும்.

இந்த ரச ரகத்தில் ஒன்றின் மடியில்தான் நம் சொந்தக்காரர்கள் குடியிருக்கிறார்கள்!

மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்று ஒரு தீவு. பிரான்ஸுக்குச் சொந்தம். 1848 டிசம்பரில் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! பாண்டியிலும் காரைக்காலிலும் ஏஜென்ட்டுகள் ஆள் பிடித்தார்கள். 1860-ல் பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் போட, ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் சட்டப்படி ஆள் போனது. அதாவது, பாண்டியைச் சுற்றியிருந்த தென்னாற்காட்டுக் கிராமங்களுக்கும் கதவு திறந்தது. 1882-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அதை நிறுத்துவதற்குள் இந்தியாவிலிருந்து போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'மலபார்'. கூலி இவ்வளவு, அரிசி இவ்வளவு என்றெல்லாம் ஏஜென்ட் சொல்லியிருப்பான். "அங்கே ஒரு மலை எரியும்" என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டான்!

அந்த மலையின் பெயர் பிட்டோன் த லா ஃபூர்னேஸ். தமிழில் 'உலைச் சிகரம்' எனலாம். உயரம் 2,632 மீட்டர். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 150 தடவைக்கு மேல் பொங்கியிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் இதே ஹாட் ஸ்பாட்டின் மேல்தான் இந்தியா இருந்தது. அப்போது கொட்டிய லாவாதான் தக்காணத்தின் கரும்பாறை. அஜந்தாவையும் எல்லோராவையும் அதில்தான் குடைந்திருக்கிறார்கள். அப்புறம் இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது. வழியில் அந்த நெருப்பு விட்டுச் சென்ற தடம்தான் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் எல்லாம். நம் பூமி விட்டு வந்த அடுப்பைத் தேடி, நம் ஜனங்கள் கப்பலேறிப் போயிருக்கிறார்கள்!

போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. திரௌபதி அம்மனைக் கொண்டு போனார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மேலச்சேரியைத்தான் திரௌபதி வழிபாட்டின் மூலக் கோயிலாகச் சொல்வார்கள். நம் பக்கத்துத் தீமிதி அப்படியே ரீயூனியனிலும் நடக்கிறது. பாஞ்சாலி என்ற பெயர் அங்கே 'பாண்டியாலே' ஆகிவிட்டது. 18 நாள் விரதம், மஞ்சள் வேட்டி, பூக்குழி. தமிழ் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது, நெருப்பு போகவில்லை.

சரி, எரிமலையோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள்? வரவு செலவு பார்த்துத்தான். வரவு: லாவா மக்கிய மண்ணில் கரும்பு விளைகிறது, கடலில் விழுந்த லாவா புது நிலமாகிறது. செலவு: 1977-ல் லாவா வழக்கமான எல்லையைத் தாண்டி பிட்டோன் செயின்ட் ரோஸ் என்ற ஊருக்குள் வந்தது. வீடுகள் எரிந்தன. மாதா கோயிலைச் சூழ்ந்து, வாசற்படிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது! ஊரை முன்கூட்டியே காலி செய்திருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. எரிமலையிடமிருந்து காக்கும் என்று நம்பி, குடை பிடித்த மாதா சிலை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் குடையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1979-ல் ஓர் ஆய்வகம் அமைத்து, மலையின் நடுக்கத்தையும் வீக்கத்தையும் ராத்திரி பகலாக அளக்கிறார்கள். ஊசி துடித்தால் மலைக்குப் போகும் பாதையை மூடிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. சிகரத்தைச் சுற்றி, குதிரை லாடம் மாதிரி செங்குத்துப் பாறை வேலி போட்ட பெரிய பள்ளம் இருக்கிறது. பெரும்பாலான பொங்கல் அதற்குள்ளேதான் முடிகிறது. அதனுள் வீடு கிடையாது. அது மலையின் பங்கு. 2007 ஏப்ரலில் சிகரத்து வாயின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கி, லாவா கடற்கரை நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் கொட்டியது. ஆறும் வரை காத்திருந்து, அதன் மேலேயே ரோடு போட்டுக்கொண்டார்கள்.

அளப்பது மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. 1985 நவம்பரில் கொலம்பியாவில் ஓர் எரிமலை உச்சிப் பனியை உருக்க, சேற்று வெள்ளம் ஆர்மேரோ என்ற ஊரையே மூடியது. சுமார் 23,000 பேர் போனார்கள். எங்கே ஆபத்து என்று காட்டும் வரைபடம் ஒரு மாசம் முன்பே தயார்! ஊர்தான் நகரவில்லை. லாவா துரத்திக் கொல்வது அபூர்வம். சேறும், சூட்டுச் சாம்பலும், கடலலையும்தான் எமன்கள்.

சேறு என்றதும் நம் பக்கம் வந்தே ஆக வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையேறியது. கிளியனூருக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள், டிசம்பர் 1. திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து, மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட.

250 கோடி வருஷம் முன்னால் ஆறிப்போன பாறை அது. வெடிக்காது, பொங்காது, புகையாது. மழை பெய்தால் சரியும், அவ்வளவுதான். அதன் சரிவில் வீடு இருந்தால், அதுவே போதும்.

ரீயூனியனில் எரிகிற மலைக்கென்று ஓர் இடத்தை எழுதி வைத்த மாதிரி விட்டிருக்கிறார்கள். நம்மிடம் ஆறின மலைக்குப் பட்டா இல்லை, ஏரிக்கும் இல்லை, ஓடைக்கும் இல்லை. பட்டா எல்லாம் நம் பேரில்தான்!