வெயிலுக்கும் ஒரு அக்கவுண்ட்

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்தபின், வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துவர நெடும்பாசேரிக்கு அடிக்கடி போகிறேன். நீங்களும் அங்கே இறங்கியிருப்பீர்கள். கார்கோ பக்கம் நீலமாகப் பரந்து கிடக்கிறதே, அது ஏரி இல்லைங்க, சோலார் பேனல். 45 ஏக்கரில் 46,150 பேனல்கள், 12 மெகாவாட். 2015 ஆகஸ்ட் 18-ல் இதைத் திறந்தபோது, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர் வந்தது.

எடுத்த எடுப்பில் இவ்வளவு பெரிதாகப் போகவில்லை. 2013-ல் வருகை முனையத்தின் கூரையில் வெறும் 100 கிலோவாட். அடுத்து 1 மெகாவாட். அது சரிவந்த பிறகே சுமார் 62 கோடி ரூபாயில் இது. கடன் கொடுக்கிற நாற்காலியில் இருப்பவனுக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும் :-)

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஆண்டுக்கு ஏறக்குறைய 1.8 கோடி யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் 12.6 கோடி. வட்டி, பராமரிப்பை விட்டுப் பார்த்தால் ஐந்தே வருடத்தில் முதல் திரும்பிவிடும். பேனல் 25 வருடம் உழைக்கும். ராத்திரிக்கு? பகலில் மிஞ்சுவதைக் கேரள மின்வாரியத்திடம் கொடுத்து, இரவில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. நம்ம எஸ்.பி. அக்கவுண்ட் மாதிரிதான்.

இந்தக் கணக்கெல்லாம் போடவைத்தது ஊரிலிருந்து வந்த போன். எங்களுக்குக் கமுதி பக்கம் பூர்வீகம். அங்கே 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் ஆலை வந்தது. இப்போது சித்தப்பா மகன், "அண்ணே, நம்ம காட்டையும் சோலாருக்கு விலைக்குக் கேக்குறாக. நீங்க கையெழுத்துப் போட்டா முடிச்சிரலாம்" என்கிறான். சீமைக்கருவேலம் மண்டிய மானாவாரி நிலம்தான். சித்தியின் நகை அடகில் இருப்பதும் தெரியும்.

ஆனால் நெடும்பாசேரியில் நிலம் விமான நிலையத்திடமே இருக்கிறது. பேனல் கழுவும் தண்ணீரில் இடையே காய்கறியும் விளைகிறது. விற்றால் நமக்கு ஒருமுறைதான் காசு. 25 வருடம் சம்பாதிக்கப் போகிற வெயிலில் நமக்குப் பங்கு வேண்டாமா?

குத்தகை என்றால் கையெழுத்து, கிரயம் என்றால் இல்லை என்றேன். வாடகை அவ்வப்போது உயர வேண்டும், காலம் முடிந்தால் பேனலைப் பெயர்த்து நிலத்தைச் சீராக்கித் தரவேண்டும், இரண்டும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

"கம்பெனி நடுவுல ஓடிட்டா?" என்றான். நியாயமான கேள்வி. அதற்குத்தான் முன்பணம் கேட்கச் சொன்னேன். அதிலேயே நகையையும் மீட்டுவிடலாம். பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.