காக்காய்க்கு உண்டு, மயிலுக்கு இல்லை

இலையில் எல்லாம் பரிமாறியாயிற்று. யாரும் கை வைக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் நண்பர் வீட்டில் அன்று அமாவாசைப் படையல். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடையில் ஒரு விள்ளல் என்று ஒரு கைப்பிடிக்குள் அடக்கி, நண்பரின் அம்மா மதில்மேல் வைத்துக் கூப்பிட்டார். பக்கத்து வீடுகளிலும் படையல்தான். காக்காய் வர நேரமானது. அது வாய் வைத்த பிறகே நாங்கள் சாப்பிட்டோம்.

நான் மும்பை மாட்டுங்காக்காரன். பக்கத்திலேயே தாதர் கபுதர்கானா. புறாக்களுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவார்கள். எச்சம் நுரையீரலைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 2025 ஜூலையில், தடையை மீறித் தீனி போடுவோர்மீது வழக்குப் போடச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். ஆகஸ்டில் மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது; சில நாளிலேயே ஒரு கூட்டம் வந்து அதைக் கிழித்தது. ஊர்ப்பக்கம் இந்தச் சண்டையெல்லாம் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனோம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. வரப்பில் இரண்டு மயில். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மயில்களை ரசித்துவிட்டு வந்தவன் நான். இங்கேயும் ஆசையாகத்தான் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த அம்மாவின் பேத்தி, மிச்சச் சோற்றைத் தட்டில் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

“ஏய், அதுக்குப் போடாத! ருசி கண்டுச்சுன்னா கூட்டத்தோட வந்து நிக்கும்.”

“காக்காய்க்கு மட்டும் வெச்சியே ஆயா?”

“அது தின்னுட்டுப் போயிடும். இது வெதைய நோண்டிடும்டி.”

தட்டைப் பிடுங்கிக் கழனித் தொட்டியில் கொட்டிவிட்டார். பேத்தி அழுதாள். ஒரு பிடி சோற்றுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் என்னைச் சாலோரம் உட்காரச் சொல்லிக் காட்டினார். வரிசையாகக் குழிகள், ஓரத்தில் பிய்ந்த சிவப்புத் தோல், வெயிலில் சுருண்ட வெள்ளை முளை. என் சங்கடம் அங்கேயே போயிற்று.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. பழம்புடவையை வேலியாகக் கட்டி, தகர டப்பாவைத் தட்டி விரட்டுகிறார்கள். தாதரில் கொட்டியவர்களும் புண்ணியம் என்றுதான் கொட்டினார்கள். அந்த எச்சம் யார் மூச்சில் போகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. இந்த அம்மா வைப்பதற்கு முன்பே அதைப் பார்க்கிறார். நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எப்பவுமே விரட்டணுமாம்மா?” என்றேன்.

“முளைச்சு நாலு எல விடட்டும். அப்புறம் காய் புடிக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு வந்துட்டுப் போவட்டும்” என்றார்.