ராகு காலக் கல்யாணம்

மணப்பாறையில் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து அவளுடைய கல்யாணப் பத்திரிகை என் கைக்கு வந்திருக்கிறது. 1951ஆம் வருஷத்தது. மணமக்கள் பெயர் பொடி எழுத்தில். தலைமை தாங்குபவர், வாழ்த்துரை வழங்குபவர் பெயர்களெல்லாம் கொட்டை எழுத்தில். நல்ல நேரம் என்று எதுவும் போடவில்லை. ஆனால் பெரியப்பா பஞ்சாங்கம் பார்க்காமல் இல்லை. ராகு காலம் எப்போது என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார்.

அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் நடத்திவைத்த முதல் சுயமரியாதைத் திருமணத்துக்குப் பிறகு பரவிய வழக்கம் இது. புரோகிதர் கிடையாது, புகை கிடையாது. பதிலுக்குச் சொற்பொழிவு உண்டு. பெரியம்மா அதை இப்படிச் சொல்வாள்: "ஆணும் பொண்ணும் சமம்னு ஒவ்வொருத்தரா வந்து பேசுனாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் பசி. மூணு மணிக்கு எலை போட்டாங்க. மறுநாள்லேருந்து, வீட்டுக்கு வந்த பேச்சாளருங்களுக்கெல்லாம் நான் எலை போட்டேன்."

1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாத இத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. அப்போது அவள் இடுப்பில் ஒரு பிள்ளை. 'நம் ஒப்பந்தமே போதும்' என்றாராம் பெரியப்பா. "ஒங்க பேச்சு பட்டாவாகுமா?" என்று கேட்டாளாம் இவள். பங்காளிகள் வரப்பு வரை வந்து நின்ற ஊரில் அது வெறும் கேள்வி இல்லை.

பெரியப்பாவுக்குப் பிரான்ஸ் என்றால் உயிர். புரட்சி நடந்த நாடு; 1792 முதல் சர்ச்சுக் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, நகரசபையில் நடந்தால்தான் கல்யாணம். நியாயமான பொறாமைதான். ஆனால் அங்கே பெண்ணுக்கு ஓட்டுரிமை வந்ததே 1944இல். மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் தடுக்கலாம் என்ற சட்டம் 1965 வரை இருந்தது. குடும்பத் தலைவன் கணவனே என்ற வாசகம் 1970 வரை நீடித்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு மாநாடு தீர்மானம் போட்டதோ 1929இல்! இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்துப் பாரிஸில், ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனையில் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகை 'லூமானித்தே' விற்கப் போன தோழரின் வீட்டில், மதியச் சமையல் யார் பொறுப்பு? யாரும் எழுதிவைத்து நான் படித்ததில்லை. எழுதுகிற அளவுக்குப் புதிய செய்தி இல்லை போலும்.

இங்கே அண்ணா ஆட்சி 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் சேர்ந்தே செல்லுபடியாயின. பெரியப்பா தெருவுக்கே முறுக்கு கொடுத்துக் கொண்டாடினாராம். மாவு பிசைந்து, பிழிந்து, எண்ணெய்ச் சட்டி முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து சுட்டவள், சட்டப்படி அவருடைய மனைவி.