கரைவலையும் கணக்கும்

மனிதன் ஏன் உழைக்கிறான் என்ற வினாவை உழைக்கிறவன் எழுப்பியதாக நாம் அறியோம். பெரும்பாலும் அது வேலை வாங்குகிறவனின் வினாவாகவே இருந்து வந்திருக்கிறது. 1911ஆம் ஆண்டு ஃபிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கர் வெளியிட்ட நூலில், பெத்லஹேம் உருக்காலையில் நாளொன்றுக்கு 12½ தொன் இரும்புப் பாளங்களைச் சுமந்த தொழிலாளியை 47 தொன் சுமக்கச் செய்த கதை பெருமையோடு சொல்லப்படுகிறது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலியோ 1 டாலர் 15 சதத்திலிருந்து 1 டாலர் 85 சதமாயிற்று. இவ்வேலைக்கு உகந்தவன் மந்த புத்தியில் எருதை ஒத்தவனாயிருக்க வேண்டும் என்று எழுதவும் அவர் கூசவில்லை.

அடுத்து வந்தவர்கள் இவ்வளவு கரடுமுரடாகப் பேசவில்லை. சிக்காகோவை அடுத்த ஹாதோர்ன் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1927 முதல் 1932 வரை ஐந்து பெண்களைத் தனியறையில் வைத்து ஆராய்ந்தனர். ஓய்வு நேரம் கொடுத்தனர், வேலை நேரத்தைக் குறைத்தனர், உற்பத்தி கூடியது. தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்ற எண்ணமும், கூடிப் பழகும் இன்பமுமே காரணம் என்று எல்டன் மேயோ போன்றோர் விளக்கம் தந்தனர். அப்பெண்களின் ஊதியம் அச்சிறு குழுவின் உற்பத்தியோடு பிணைக்கப்பட்டிருந்ததும், ஒத்துழைக்கவில்லையென்று இருவர் 1928இல் மாற்றப்பட்டதும் அவ்வளவு உரக்கப் பேசப்படவில்லை.

அதே தொழிற்சாலையின் இன்னோர் அறையிலிருந்த பதினான்கு ஆண்களின் கதைதான் எமக்குப் பிடித்தமானது. அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதற்குமேல் வேலை செய்ய மறுத்தனர். அதிகம் செய்தால் கூலி வீதம் குறையும், ஆட்களும் குறைக்கப்படுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். ஆராய்ந்தவர்கள் இதனை அறிவின்பாற்படாத உணர்ச்சி என்றனர். 1931, 1932ஆம் ஆண்டுகளில், வேலையில்லாதோர் வீதிகளில் நின்ற அமெரிக்காவில், இது எப்படி அறிவற்ற செயலாகும்? எமது மலைநாட்டில் 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது, கொய்ய வேண்டிய கொழுந்தின் நிறையும் உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது. அத்தொழிலாளருக்கு அந்தப் பதினான்கு பேரின் மனம் விளங்காமற் போகாது.

இந்தக் கோட்பாடுகளையெல்லாம் நாம் நினைத்துப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம், எமது உப்புவெளியில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு. “இந்தக் காலத்துப் பெடியளுக்குக் கயிறு பிடிக்க மனமில்லை” என்கிறார்கள் பெரியவர்கள்.

கயிறு என்பது கரைவலைக் கயிறு. வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிந்ததும் அதற்குக் காலம் பிறக்கும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணி புறப்படும்; அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு போய், மறு தலைப்போடு சற்றுத் தள்ளிக் கரையேறும். இரு புறமும் ஆட்கள் நின்று இழுப்பர். மணிக்கணக்கான வேலை, மணலில் குதிகால் புதையும், கயிறு உள்ளங்கையை உரிக்கும். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணும், மீன் தப்பும். மண்டாடியின் குரலைத் தவிர வேறு மேற்பார்வை கிடையாது. மடி கரையை அண்டும்போது அம்பாப் பாட்டு தானாகவே வேகங்கொள்ளும். அந்த வேகத்தை எந்த முகாமையாளர் கட்டளையிட்டு வருவித்தார்?

பிறகு மீன் மணலிலே கொட்டப்படும். சூடையும் சாளையும் பாரையும் கூடை கூடையாக அளக்கப்படுவதை, இழுத்த கண்கள் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கும். வியாபாரி சொல்லும் விலை எல்லார் காதிலும் விழும். செலவும் சம்மாட்டியின் பாகமும் போக, மிச்சம் இழுத்தவர்களுக்குப் பங்காகும்.

பங்கு என்ற சொல்லைக் கேட்டு வாசகர் மயங்கிவிடக் கூடாது. வலையும் தோணியும் சம்மாட்டிக்குரியவை. முற்பணம் வாங்கியவன் அடுத்த பருவத்துக்கும் அவருக்கே கட்டுப்பட்டவன். மடி வெறுமையாக வந்த நாளில் இழுத்தவனுக்குக் கூலியே இல்லை. நட்டத்திலும் அவனுக்குப் பங்குண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின், போன வலைகளுக்கும் தோணிகளுக்கும் கணக்கெடுத்தார்கள். வலையே இல்லாதவன் இழந்தது எந்தக் கணக்கில் ஏறும்? இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கிறார்கள். அங்கே பங்கு கேட்கும் கைகள் குறைந்துவிட்டன.

எமது அயலவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகக் கயிறு பிடித்தவர். இவ்வளவு கஷ்டத்துக்கும் அதில் என்ன கண்டீர்கள் அண்ணை என்று ஒரு நாள் கேட்டோம். “குறைச்சுத்தான் கிடைக்கும் தம்பி. ஆனா ஏன் குறைஞ்சது எண்டு எனக்குத் தெரியும்” என்றார்.

மேயோவுக்குப் பிந்திய அறிஞர்கள் மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கியிருக்கிறார்கள். ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரை பேர்போனது. பசி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னிறைவு என்று அது ஏறிச் செல்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் ஆசை எந்தப் படியில் நிற்கிறது என்று நாம் தேடிப் பார்த்தோம்.

அவருடைய மகன் கயிறு பிடிக்கவில்லை. இக்கடற்கரையில் வரிசையாக எழுந்துள்ள விடுதிகளில் ஒன்றிலே பரிமாறுகிறான். மாதச் சம்பளம் நிச்சயம். வெறும் மடி என்ற அச்சமில்லை. விடியுமுன் எழுந்து பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவனைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? அவனுக்கும் ஒரு பங்குண்டு: விருந்தினரின் பட்டியலில் நூற்றுக்குப் பத்தாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒரு மாதம் விடுதி நிறைந்திருந்தும் தொகை குறைந்தது. காரணம் கேட்டான். அது அலுவலகத்தார் பார்க்கும் விஷயம், உனக்கு வேலை பிடிக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார்களாம்.

அதன்பின் அவன் கேட்கவில்லை. முன்போல் ஓடியாடியும் வேலை செய்வதில்லை என்று அவனே எம்மிடம் சொன்னான். ஊழியர்களுக்கு ஊக்கமூட்டுவதற்காகக் கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்து அவ்விடுதியில் ஒரு நாட் பயிற்சி நடத்தினார்கள். அவனும் போயிருந்தான். மதியச் சாப்பாடு நன்றாயிருந்ததாம்.