கூதிர்க்காலப் படம் ஒன்று

நிலக்காட்சிகளைப் படமெடுக்கிறவர்களுக்கு 'இலையுதிர்காலம்' என்ற சொல் ஒரு மயக்கம். மேலைநாட்டு மேப்பிள் மரங்களைச் சிவப்பும் மஞ்சளுமாக நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய கண், நம் ஐப்பசியிலும் அந்த நிறங்களையே தேடுகிறது. நம்மிடம் அந்த மாதங்களுக்கு வேறு பெயர் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அப்போது இங்கே இலை உதிர்வதில்லை. மழை பெய்கிறது, வாடை வீசுகிறது. அந்தப் பருவத்தை 188 அடிகளில் பாடிய நெடுநல்வாடை, மழையில் நனைந்து நடுங்கும் ஆயர்களையும் மேய்ச்சலை மறந்து நிற்கும் ஆநிரையையும் முதலில் காட்டுகிறது. அங்கே பொன்னிறம் என்று ஒன்று உண்டென்றால் அது புதரில் படர்ந்த பீர்க்கின் பூ. இதைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். கையில் கேமரா வந்ததும் மறந்துவிட்டேன்.

2018இல் தீபாவளி நவம்பர் 6ஆம் தேதி வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய சிற்றூர். மறுநாள் விடியலில் மழை விட்டிருந்தது. கேமராவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு எங்கள் வயலுக்கு நடந்தேன். தாளடி நடவு முடிந்து பத்து நாள். நாற்றுகளுக்கிடையே தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. மெல்லிய மேகத்தினூடே வந்த வெளிச்சத்தில் நிழல் என்பதே இல்லை. நிலக்காட்சிக்கு இதைவிட நல்ல ஒளி கிடைக்காது.

வானம் வெறும் சாம்பலாக இருந்ததால் அதற்குப் படத்தில் மூன்றிலொரு பங்குக்குமேல் இடம் தரவில்லை. தொடுவானத்தை மேலே ஏற்றி, கீழே தண்ணீருக்கு இடம் விட்டேன். இடது மூலையில் தொடங்கும் வரப்பு குறுக்காக ஓடி, வடக்கு எல்லையில் நின்ற தென்னை வரிசையில் கண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வானம் வெளுத்துவிடாதிருக்க ஒளியளவை ஒரு படி குறைத்தேன். எல்லாம் அமைந்தது. இரண்டு மட்டும் உறுத்தின. நடுவில் வானத்தைக் கீறிக்கொண்டு நின்ற மின்கம்பம் ஒன்று. வலப்புறம், வரிசையை விட்டு விலகி நம் பக்கமாக உள்வரப்பில் நின்ற கோணல் தென்னை இன்னொன்று. அது படத்தின் விளிம்பை நோக்கிச் சாய்ந்திருந்தது. விளிம்பை நோக்கிச் சாயும் எதுவும் பார்வையை வெளியே இழுத்துச் சென்றுவிடும். நான்கடி நகர்ந்து நின்றிருந்தால் சரியாகியிருக்கலாம். ஆனால் நாற்று மிதிபடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொத்தானை அழுத்தினேன்.

அந்தப் 'பிறகு' அன்றிரவே வந்தது. கணினியில் படத்தைத் திறந்து மாறுபாட்டைக் கூட்டினேன். வண்ணச் சமநிலையை மஞ்சள் பக்கம் நகர்த்தினேன். பச்சை மெல்லப் பழுத்தது. போட்டோஷாப்பின் குளோன் கருவியால் வானத்தின் ஒரு துண்டை எடுத்து மின்கம்பத்தின்மேல் பூசினேன். கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கோணல் மரத்தை அடியோடு எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கம்பமும் மரமும் இருந்த சுவடே இல்லை. மன நிறைவோடு மூலக் கோப்பின் மீதே சேமித்தேன். ரா கோப்பாக எடுக்கும் பழக்கம் அப்போது எனக்கில்லை. இருந்தது அந்த ஒரு ஜேபெக் மட்டுமே. அதைப் பெரிதாக அச்சிட்டு வாங்கினேன். கல்லூரியில் பார்த்த நண்பர், "அறுவடை நெருங்கிவிட்டதா?" என்று கேட்டார். பத்து நாள் நாற்றைத் தை மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சிரித்து மழுப்பினேன்.

நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததால் மூன்றாம் நாள்தான் ஊருக்குள் போக முடிந்தது. எங்கள் தென்னை வரிசையில் பதினேழில் பன்னிரண்டு தரையில் கிடந்தன. நின்றவையும் குருத்து முறுக்கி, மட்டைகள் ஒருபக்கமாகத் திரும்பி, மரம் போலவே இல்லை. மின்கம்பம் இடுப்பில் முறிந்து வயலில் விழுந்திருந்தது.

அந்தக் கம்பத்திலிருந்துதான் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டாருக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளிலும் பயிர் நின்றது அதனால்தான். வானத்தைக் கீறும் கோடு என்று நான் துடைத்தது அதைத்தான். அந்தப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்தார்கள். எங்கள் வயலுக்கு வந்தவர்கள் கேரளத்துக்காரர்கள். வண்டி இறங்க முடியாத சேற்றில், புதுக் கம்பத்தை எட்டுப் பேர் தோளில் சுமந்து வந்து, குழி பறித்து நட்டார்கள். அம்மா வரப்பில் நின்று அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நாற்காலியில் அமர்ந்து சில சொடுக்குகளில் நான் பிடுங்கிப் போட்டது நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அம்மா கேட்டார்:

"தம்பி, தீவாளிக்கு வந்தப்ப வயலைப் படம் எடுத்தியே, அதைக் காட்டு. மரமெல்லாம் நின்னபடிக்கு ஒரு தடவ பாத்துக்கிறேன்."

அச்சுப்படத்தை எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வரிசையை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழும் இருந்தன. பிறகு விரல் வலப்பக்கம் போய் நின்றது.

"கோணமரத்தைக் காணுமே?"

அது கல்யாணமான வருஷம் இருவரும் சேர்ந்து வைத்த கன்று என்பது எனக்குத் தெரியாததல்ல. 1977 நவம்பர் புயலில் இளமரமாக இருந்தபோது சாய்ந்தது. மூங்கில் முட்டுக் கொடுத்து அப்பா காப்பாற்றினார். சாய்ந்த இடத்திலிருந்தே வளைந்து தலை நிமிர்ந்தது. அடுத்த நாற்பத்தோரு ஆண்டுகள் காய்த்தது. கஜாவில் முறிந்துவிட்டது. புயலுக்கு ஒன்பது நாள் முன்பே நான் அதைச் சாய்த்துவிட்டிருந்தேன்.

"படத்துக்கு நல்லா இல்லன்னு எடுத்துட்டேன்மா," என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தை வாங்கிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இங்க நிக்குதே," என்றார்.

வயல் தண்ணீரில் மரத்தின் பிம்பம் இருந்தது. நாற்றுகளுக்கிடையே துண்டு துண்டாக, தலைகீழாக, வளைந்து, நுனியில் மட்டைகளோடு. கரையில் இருந்த மரத்தைத் துடைத்த நான், தண்ணீரில் இருந்ததைக் கவனிக்கவில்லை. படத்தொகுப்பில் இதைவிடப் பெரிய கவனக்குறைவு இருக்க முடியாது. எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் பிழை ஒன்றுதான். அந்த மரத்துக்கு வேறு படமே கிடையாது.

படத்தைத் திருத்துவதே தவறு என்று சொல்ல வரவில்லை. கேமரா கண்ணைப் போலப் பார்ப்பதில்லை. இருண்டதை வெளிச்சமாக்குவதும் மங்கியதைத் தெளிவாக்குவதும் கண் கண்டதை மீட்பதற்கான வழிகள். ஆனால் இருந்ததை இல்லாமல் ஆக்குவது வேறு. நம் கண்ணை உறுத்துவது இன்னொருவர் வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டிருப்பதாக இருக்கலாம். ஒரு நிலத்தில் எது தேவையற்றது என்று முடிவுசெய்யும் தகுதி, அங்கே விடுமுறைக்கு வந்து போகிறவனுக்கு இல்லை.

இப்போது மூலக் கோப்புகளைத் தொடுவதில்லை. கடந்த ஐப்பசியில் அதே வரப்பில் நின்று மீண்டும் எடுத்தேன். கேரளத்துக்காரர்கள் நட்ட கம்பம் நடுவிலேயே நிற்கிறது. கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கிறது. பச்சை, பச்சையாகவே இருக்கிறது. பழைய படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களை அம்மா அதன் அருகே அழைத்துப் போய், தண்ணீரில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.